எண்ணப்பட்டோர் எண்ணுங் காலம்

தமிழில் ‘எண்’ என்பது ஒரு சொல். அது தரும் பொருளோ இரண்டு. தொகையைக் கணக்கிடுதலும் எண்ணுதலே. உள்ளத்தால் ஆராய்தலும் எண்ணுதலே. எண்ணையும் எழுத்தையும் மக்களுக்கு இரு கண்களாக வைத்தவர் வள்ளுவர். 1933 ஆம் ஆண்டு கல்கத்தாவில் அறிஞர் மகலனோபிஸ் புள்ளியியலுக்கென ஓர் இதழ் தொடங்கியபோது அதற்குச் ‘சங்க்யா’ என்று பெயரிட்டார். எண் என்பதும் தெளிந்த அறிவு என்பதும் அவ்வடசொல்லின் பொருள்களாம். நம் முன்னோர் ஒன்றென வைத்த இவ்விரண்டையும் நாம்தாம் பிரித்துவிட்டோம். எழுத்தென்னும் கண்ணைத் தமிழாசிரியர் வைத்துக்கொண்டோம். எண்ணென்னும் கண்ணைக் கணித ஆசிரியரிடம் ஒப்படைத்துவிட்டு அமைதியானோம்.

அந்த அமைதியைக் கலைத்த கலையொன்றைப் பற்றியும், அக்கலையைப் பயில்வோர் தமக்குள் அமைத்துக்கொண்ட அவையொன்றைப் பற்றியும் இங்கே சில கூற விரும்புகிறேன். எண்களின் வரிசையைக் கோடாகவும் நிறமாகவும் உருவாகவும் மாற்றிக் கண்ணுக்குக் காட்டுவது அக்கலை. இக்காலத்தார் அதனைத் தரவுக் காட்சிப்படுத்தல் என்பர். நாவுக்கு எளிதாக நான் ‘எண்ணோவியம்’ என வழங்குகிறேன்.

சாம்பல் நிறம்

என்னிடம் தமிழ் பயின்ற மாணவி ஒருத்தி இன்று கொழும்பில் ஒரு நிறுவனத்தில் எண்ணோவியம் வரையும் தொழில் செய்கிறாள். நுவரெலியா மாவட்டத்துத் தோட்டமொன்றின் லயத்தில் பிறந்தவள். தாய் கொழுந்தெடுத்தவர், தந்தை கவ்வாத்து வெட்டியவர். பொங்கல் விடுமுறையில் ஊருக்கு வந்தவள் என்னையும் காண வந்தாள். தொழில் எப்படி என்று கேட்டேன்.

“அலுவலகத்தில் இந்த வேலை செய்பவள் நான் ஒருத்திதான், ஐயா. படம் அழகாயிருக்கிறது என்பார்கள். இல்லாவிட்டால் நேரமாகிவிட்டது என்பார்கள். ஏன் நன்று, எங்கே பிழை என்று சொல்ல ஆளில்லாமல் இருந்தது” என்றாள்.

அக்குறை ஒரு சங்கத்தால் தீர்ந்ததாம். 2019 ஆம் ஆண்டு அமெரிக்காவில் இத்தொழிலார் சிலர் கூடித் தரவுக் காட்சிப்படுத்தற் சங்கம் ஒன்றை நிறுவினர். இன்று பல நாட்டவர் அதில் உறுப்பினர். ஒருவர் வரைந்ததை மற்றவர் பார்த்துக் குணமும் குற்றமும் கூறுவர். ‘நைற்றிங்கேல்’ என்ற பெயரில் இதழும் நடத்துகின்றனர். அச்சங்கத்தில் இவளும் சேர்ந்தாள்.

நம் நாட்டுக் குடிமதிப்பு அட்டவணைகள் மக்களை நகரம், கிராமம், தோட்டம் என மூன்றாகப் பிரித்துக் காட்டுவதை ஆசிரியர் அறிவர். அவ்வட்டவணையை அவள் படமாக்கினாள். நகரத்துக்குச் செம்மை, கிராமத்துக்குப் பச்சை. இறுதியில் நின்ற தோட்டத்துக்கு எஞ்சிய சாம்பல் நிறம். எண்கள் யாவும் சரியானவை. அதைச் சங்கத்தாரிடம் காட்டியபோது, எங்கோ தொலைநாட்டில் இருந்த உறுப்பினர் ஒருவர் கேட்டாராம்: “இப்படத்தில் நீங்கள் சொல்ல வந்தது யாரைப் பற்றி? அவர்களுக்கு ஏன் பின்னணியின் நிறத்தைக் கொடுத்தீர்கள்?”

“அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை, ஐயா. அந்தக் கடைசி வரியில்தானே நான் பிறந்தேன்?” என்றாள்.

2012 ஆம் ஆண்டுக் குடிமதிப்பின்படி நாடு முழுவதையும் நோக்கத் தோட்டத்தில் வாழ்வோர் நூற்றுக்கு 4.4 பேர். நுவரெலியா மாவட்டத்தில் மட்டும் நோக்கின் பாதிக்கு மேற்பட்டோர் அவர்களே. எஞ்சிய நிறம் என்று அவள் கை தானாகத் தீட்டியது தன் மாவட்டத்தின் பெரும்பகுதியை மூடியிருந்தது. மலையகத்தைக் கண்ணால் கண்டறியாத ஒருவரின் கேள்வி அதனை அவளுக்குக் காட்டியது.

பேரும் அரைப்பேரும்

எண் என்றால் நம் மலையகத்தார்க்குப் புதிதன்று. தோட்டத்து வாழ்வே எண்ணால் ஆனது. நாளொன்றின் உழைப்புக்குத் தோட்டத்தார் வழங்கும் சொல்லைக் கவனியுங்கள்: ‘பேர்’. குறித்த நிறைக்குக் கொழுந்து பறித்தால் ஒரு பேர், குறைந்தால் அரைப்பேர். கணக்கப்பிள்ளை தராசைப் பார்த்துச் செக்ரோலில் எழுதும் எண்ணே அன்றைய மனிதர். ஒருவரின் பெயரே நாளுக்கு நாள் முழுதாகவும் பாதியாகவும் எழுதப்படும் வழக்கை நான் வேறெந்தத் தொழிலிலும் கேட்டதில்லை.

வந்த வரலாறும் எண்ணின் வரலாறே. 20 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தமிழகத்திலிருந்து தோட்டங்களுக்கு அனுப்பப்பட்டோர்க்கு எழுத்தும் எண்ணும் பொறித்த தகர வில்லை கொடுக்கப்பட்டது. ஆள் எத்தோட்டத்துக்கு உரியவர் என்பதை அவ்வில்லையே சொல்லிற்று. 1911 ஆம் ஆண்டுக் குடிமதிப்பில் ‘இந்தியத் தமிழர்’ என்ற தனித்தலைப்பு முதன்முதல் இடம்பெற்றது. 1946 ஆம் ஆண்டுக் கணக்கில் அத்தலைப்பின் கீழ் 7,80,589 பேர், அதாவது நூற்றுக்கு 11.7 பேர். இரண்டாண்டு கழித்து, 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் அவர்களிற் பெரும்பாலோரை நாடற்றோர் ஆக்கிற்று. 1964 ஆம் ஆண்டு ஒக்டோபர் 30 ஆம் நாள் சிறிமாவோ பண்டாரநாயக்கவும் லால் பகதூர் சாஸ்திரியும் செய்த ஒப்பந்தம் 9,75,000 பேரைப் பங்கிட்டது.

தகரத்தில் பொறித்தவர், பதிவேட்டில் எழுதியவர், ஒப்பந்தத்தில் வகுத்தவர் ஆகிய எவரும் எண்ணப்பட்டோரை ஒரு சொல் கேட்டாரல்லர். எண்ணுவோர் ஒரு பக்கமும் எண்ணப்படுவோர் ஒரு பக்கமுமாகவே 200 ஆண்டுகள் சென்றன. 2023 ஆம் ஆண்டு அவ்விரு நூற்றாண்டின் நினைவாகத் தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு நடைபயணம் சென்றோர், முன்னோர் நடந்த வழியைக் காலால் அளந்தனர். அதனைக் கையாலும் அளந்து வரைதல் வேண்டும் என்பது என் கருத்து.

தேர் வடிவும் சிறகு வடிவும்

எண்ணுக்கு வடிவம் கொடுப்பது மேனாட்டார் கண்ட புதுமை என்று கருதுவோர் உளர். கீழைத்தேயக் கல்லூரியில் இலக்கணம் பயின்ற எனக்கு உடனே நினைவுக்கு வந்தது எழுகூற்றிருக்கை. ஒன்று முதல் ஏழு வரையுள்ள எண்கள் ஏறியும் இறங்கியும் அறைதோறும் அமைய, முழுச்செய்யுளும் தேர் வடிவாய் நிற்பது அது. திருஞானசம்பந்தரும் திருமங்கையாழ்வாரும் அருணகிரிநாதரும் அதனைப் பாடியுள்ளனர். தண்டியலங்காரம் சொல்லணியியலில் அத்தகைய சித்திரகவிகளுக்கு இலக்கணம் கூறும்.

ஆயினும் ஒரு வேறுபாடு உண்டு. சித்திரகவியில் எண் புலவனுக்கு ஏவல் செய்யும். எண்ணோவியத்திலோ வரைபவன் எண்ணுக்கு ஏவல் செய்ய வேண்டும். அழகு கருதி ஓர் எண்ணைக் கூட்டவோ குறைக்கவோ அவனுக்கு உரிமை இல்லை.

1786 ஆம் ஆண்டு வில்லியம் பிளேபெயர் என்னும் ஸ்கொத்லாந்தியர் இங்கிலாந்தின் வாணிகத்தைக் கோடுகளாக வரைந்து நூலாக்கினார். நீராவிப் பொறியைச் செம்மைப்படுத்திய ஜேம்ஸ் வாற்றிடம் படவரைஞராக இருந்து பழகிய கை அவருடையது. அவருக்குப் பின் வந்தவர் புளோரன்ஸ் நைற்றிங்கேல் அம்மையார். கிரிமியப் போரில் காயத்தால் இறந்தவரினும் தடுத்திருக்கக்கூடிய நோயால் இறந்தவரே மிகப் பலர் என்பதை 1858 ஆம் ஆண்டு வட்டத்தைச் சுற்றி விரிந்த சிறகுகள் போன்ற படத்தால் காட்டினார். விளக்கேந்திய பெருமாட்டி என்று நம் வாசகப் புத்தகங்கள் போற்றும் அவர், எண்ணேந்திய பெருமாட்டியும் ஆவார். அவரும் தனித்து நின்று செய்தாரல்லர். வில்லியம் பார் என்னும் புள்ளியியலாளர் உடனிருந்து துணை செய்தார். மேற்கூறிய சங்கத்தின் இதழ் அம்மையார் பெயர் தாங்கி வருவது பொருத்தமே.

அற்லாண்டாவின் கரிய மலை

இவ்வரலாற்றில் மலையகத்தார்க்கு மிக நெருங்கிய பகுதி இனி வருவது. அமெரிக்காவில் கறுப்பின மக்களின் அடிமைத்தளை 1865 ஆம் ஆண்டில் சட்டப்படி முற்றும் அறுந்தது. 35 ஆண்டுகளின் பின், 1900 ஆம் ஆண்டு பாரிஸ் மாநகரில் உலகப் பொருட்காட்சி நடந்தது. அங்கே வைப்பதற்கென அற்லாண்டாப் பல்கலைக்கழகப் பேராசிரியர் டு போய்ஸ் தம் மாணவரையும் பழைய மாணவரையும் கூட்டி, ஏறக்குறைய 60 எண்ணோவியங்களைக் கையால் வரைந்தார். மையும் வண்ணமும் தூரிகையுமே கருவிகள். தம் இனத்தார் வைத்திருந்த நிலம், செய்த தொழில், பெற்ற கல்வி யாவும் அத்தாள்களில் செம்மையும் பச்சையும் பொன்னிறமுமாய் விளங்கின. ஜோர்ஜியா மாநிலத்தில் நாட்டுப்புறத்து வாழ்ந்த கறுப்பின மக்களின் தொகையைக் காட்டும் கோடு தாளில் அடங்காமல் நீள, அதைச் சுருள் சுருளாகச் சுற்றி வரைந்தனர். எண் அடங்காது என்பதையே படம் சொல்லிற்று.

அவற்றுள் ஒன்று: 1790 முதல் 1870 வரை அடிமைகளாயிருந்தோரும் விடுதலை பெற்றிருந்தோரும் இன்ன விழுக்காடு என்பது. தாள் நிறையக் கரிய மலை. அதன் மேல் விளிம்பில் ஒடுங்கிய பச்சைக் கீற்று. அது விடுதலை பெற்ற சிலர். இறுதியில் அம்மலை செங்குத்தாக வீழ்கிறது. பச்சை தாளின் அடிவரை இறங்குகிறது. ஒரு சட்டம் ஒரு மக்களின் வாழ்வில் என்ன செய்தது என்பதை அறிய எழுத்தறிவும் வேண்டா, கண் போதும்.

அம்மாணவர் அதுவரை பிறர் கணக்கில் விலையோடு எழுதப்பட்டோரின் பிள்ளைகள். உலகத்தார் முன்னிலையில் தம்மைத் தாமே எண்ணிக் காட்டினர். 2021 ஆம் ஆண்டு முதல் ஆண்டுதோறும் இத்தொழிலார் பலர் அத்தாள்களைத் தம் கையால் மீண்டும் வரைந்து பழகும் வழக்கம் ஒன்று தொடங்கிற்று. ஏட்டைப் பார்த்து ஏடு எழுதிப் பழகிய நம் பழைய திண்ணைப் பள்ளிமுறை போன்றதே அது. என் மாணவியும் கரிய மலையை வரைந்தாள். “அந்தப் பச்சை கீழே இறங்கும் இடத்தில் என் கை நின்றுவிட்டது, ஐயா. 2003 ஆம் ஆண்டுச் சட்டம் எங்கள் வீட்டில் இறங்கியதும் இப்படித்தான்” என்றாள். மலையகத்தில் நாடற்றவராக எஞ்சியிருந்தோர்க்குக் குடியுரிமை வழங்கிய 35 ஆம் இலக்கச் சட்டத்தையே அவள் குறித்தாள்.

முப்பத்தொன்பது உருவங்கள்

அவள் சொல்லிச் சென்றவை என்னைச் சும்மா இருக்கவிடவில்லை. பத்தாம் வகுப்பு மாணவரிடம் 1964 ஆம் ஆண்டு ஒப்பந்தத்தைப் படமாக்கச் சொன்னேன். வழிகாட்டியாகக் கொண்டது வியன்னா நகர முறை. அங்கே 1925 ஆம் ஆண்டு ஒற்றோ நொய்ராத் என்பார் எளிய மக்களுக்குப் புள்ளிவிவரம் காட்டுதற்கென்றே ஓர் அரும்பொருட்சாலை நிறுவினார். தகவல் திரட்டுவோர் ஒரு சாரார். அதனை எவ்வாறு காட்டுவதென வகுப்போர் ஒரு சாரார். வரைவோர் ஒரு சாரார். தொகை பெருகினால் உருவத்தைப் பெரிதாக்கலாகாது, அதே அளவான உருவங்களின் எண்ணிக்கையையே கூட்ட வேண்டும் என்பது அவர்களின் விதி. உருவத்தை இருமடங்கு உயரமாக்கினால் அகலமும் உடன் வளர்ந்து, கண்ணுக்கு நான்கு மடங்கெனத் தோன்றும். அது பொய் என்றனர்.

மாணவரும் மூன்று குழுவாயினர். ஓர் உருவம் 25,000 பேர் எனக் கொண்டனர். 9,75,000 பேருக்கு 39 உருவங்கள். ஒவ்வொன்றும் முதுகில் கூடை சுமந்த பெண். இந்தியாவுக்கு என வகுத்த 5,25,000 பேர் 21 உருவங்களாகக் கடலை நோக்கி நின்றனர். இலங்கைக்கு என வகுத்த 3,00,000 பேர் 12 உருவங்களாக மலைமேல் நின்றனர். பின்னர்ப் பார்த்துக்கொள்ளலாம் என விடப்பட்ட 1,50,000 பேர் 6 உருவங்கள். அவர்களை எங்கே நிறுத்துவதென வகுப்பில் நெடுநேரம் வாதம் நடந்தது. முடிவில் காலடியில் நிலமே வரையாமல் நடுத்தாளில் நிறுத்தினர். 1974 ஆம் ஆண்டு மறு ஒப்பந்தம் அந்த ஆறையும் மூன்று மூன்றாகப் பிரித்தது.

வரைந்து முடிந்ததும் ஒரு சிறுமி கேட்டாள்: “ஐயா, இதில் எங்கள் பாட்டி எது?”

எவரும் பேசவில்லை. பின், கணக்கில் வல்ல மாணவன் ஒருவன், “ஓர் உருவம் 25,000 பேர். உன் பாட்டி ஓர் உருவம் ஆகமாட்டார், ஓர் உருவத்துக்குள் ஒரு புள்ளி” என்றான். அச்சிறுமி எழுந்து சென்று, மலைமேல் நின்ற 12 பேரில் ஒருத்தியின் கூடைக்குள் சிவப்பு மையால் ஒரு புள்ளி வைத்தாள். மற்றவரும் ஒவ்வொருவராக வந்தனர். “எங்கள் பெரியம்மா நீலகிரியில்” என்று கடலோரத்துக் கூடையில் ஒருத்தி வைத்தாள். நிலமற்று நின்ற ஆறு பேரிடத்தும் புள்ளிகள் விழுந்தன. மணியடித்தும் பிள்ளைகள் கலையவில்லை.

அரங்கேற்றம்

படத்தை மாணவிக்கு அனுப்பினேன். அவள் அதைத் தன் சங்கத்தார் முன் வைத்தாள். நம் முன்னோர் நூல் இயற்றினால் அவையில் அரங்கேற்ற வேண்டும் என்பது முறை. ஆக்கியோன் வாயால் கேட்டு அவையோர் வினவுவர். விடை பொருந்தினால் நூல் நிற்கும். அவ்வழக்கம் நம்மிடையே பொன்னாடையும் பாராட்டுரையுமாகத் தேய்ந்து போயிற்று. அம்முறை, தமிழறியாதார் அவையொன்றில் உயிரோடிருக்கக் கண்டேன்.

அவர்கள் முதலிற் கேட்டது: “இப்படம் ஒப்பந்தத்தில் எழுதியதைக் காட்டுகிறதா, நடந்ததைக் காட்டுகிறதா?” கேள்வி கூரியது. எழுதியபடி அத்தனை பேரும் இந்தியா சென்றாரல்லர். 1984 ஆம் ஆண்டு தலைமன்னார் - இராமேசுவரம் கப்பற் போக்குவரத்தும் நின்றது. மாணவர் தலைப்பை மாற்றி, ‘1964 இல் எழுதியபடி’ என்றனர். ஒரு சொல் மாறியதும் படம் நேர்மை பெற்றது.

அடுத்த கேள்வி, தலைப்புகளை இட்டவர் யார் என்பது. 1946 ஆம் ஆண்டில் நூற்றுக்கு 11.7 ஆக இருந்த ‘இந்தியத் தமிழர்’ 2012 ஆம் ஆண்டில் நூற்றுக்கு 4.1 ஆயினர். இதனைப் படமாக்கினால் அத்தனையும் நாடு கடந்தோர் கணக்கென்றே காண்பவர் கருதுவர். ஆனால் இங்கேயே வாழ்ந்துகொண்டு குடிமதிப்பில் தம்மை ‘இலங்கைத் தமிழர்’ எனப் பதிந்தோரும் உளர். ஆள் அகலாமலே எண் அகலும். எண்ணைப் படிக்குமுன் அதன் தலைப்பைப் படி என்னும் இப்பாடம், உரை படிக்குமுன் பாடபேதம் பார் என்று நம் ஆசிரியர் எமக்குக் கற்பித்ததற்கு ஒப்பானது.

மூன்றாவது, அந்தச் சிவப்புப் புள்ளிகள் எவை என்பது. மாணவி விளக்கினாள். கடல்கடந்த நாடொன்றின் ஆசிரியர் ஒருவர், தம் வகுப்பிலும் தொகைக்குள் தம் வீட்டாரைப் பிள்ளைகள் குறிக்கும்படி செய்யப்போவதாக எழுதினார். “இத்தனை நாள் நான் அவர்களிடம் கற்றேன். முதல்முறையாக அவர்கள் நம் பிள்ளைகளிடம் கற்றார்கள், ஐயா” என்று எனக்கு மடல் வரைந்தாள்.

கலையால் வரும் உறவு இத்தன்மையது. ஒரே தொழிலைச் செய்வோர் ஒருவர் முகம் ஒருவர் அறியாமலே ஒருவர் கையை ஒருவர் அறிவர். புகழ்ந்து கூடும் கூட்டம் விரைவில் கலையும். கேள்வி கேட்டுக் கூடும் கூட்டம் நிலைக்கும். இதனை நம் இலக்கிய வட்டங்களும் எண்ணிப் பார்த்தல் நன்று.

ஆசிரியர்க்கு ஒரு வேண்டுகோள்

நுவரெலியா, அட்டன், தலவாக்கலை, மஸ்கெலியாப் பகுதிகளில் உள்ள நம் பள்ளிகளில் இதற்குப் பெருஞ்செலவு இல்லை. வரைபுத்தாள், வண்ணக்கோல், தோட்டத்து மழைக்கணக்கு, பழைய சம்பளத் துண்டு, வீட்டுப் பெரியோரின் நினைவு ஆகியவை போதும். தவணைக்கு ஒரு தாள் வரையட்டும். எத்தனை பேர் முதலாம் வகுப்பில் சேர்ந்தனர், எத்தனை பேர் சாதாரண தரம் எழுதினர் என்பதைத் தம் பள்ளிப் பதிவேட்டிலிருந்தே எடுத்து வரையட்டும். இடையில் நின்றோர் எங்கே சென்றனர் என்று அவர்களே கேட்பார்கள். வரைந்ததை அயற்பள்ளி மாணவர் முன் வைத்துக் குற்றங் கேட்டுத் திருத்தட்டும். கணித ஆசிரியர் எண்ணைக் காக்கட்டும். தமிழாசிரியர் தலைப்பைக் காக்கட்டும்.

எங்கள் வகுப்பின் அடுத்த தாள் செக்ரோலைப் பற்றியது. பேரும் அரைப்பேரும் ஓராண்டில் எப்படி ஏறி இறங்கின என்பதை, பழைய கணக்குத் துண்டுகளைப் பாதுகாத்து வைத்திருந்த ஓர் அம்மையாரிடமிருந்து மாணவர் திரட்டிவிட்டனர். அரைப்பேர் விழுந்த நாட்களுக்கு என்ன நிறம் கொடுப்பது என்ற வாதம் இன்னும் முடியவில்லை. சாம்பல் நிறம் வேண்டாம் என்பதில் மட்டும் அனைவரும் ஒருமனப்பட்டுள்ளனர்.